கடையில் கிடைக்காத ஏழு இசைத்தட்டுகள்

ரசிகர்களுக்கு மட்டும் தபாலில் வந்த பரிசு

நாலு சிநேகிதர்கள் சேர்ந்து சிரித்த கதை, பிரிந்த கதை

லண்டன் நகரில் எந்தக் கடையில் ஏறி இறங்கினாலும் அந்த இசைத்தட்டு கிடைக்காது. கை நிறையப் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்திக்கு அது தபாலில் வீடு தேடி வரும்!

அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரசிகர் சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டியிருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு தட்டு. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்னால் வரும். நாலு நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் வரை ஓடும். அவ்வளவுதான்.

அதை அனுப்பியவர்கள் யார்? உலகத்து வாலிபர்களை எல்லாம் ஆட்டிப் படைத்த "பீட்டில்ஸ்" கோஷ்டியினர்.

1963-ம் ஆண்டு முதல் 1969-ம் ஆண்டு வரை ஏழு தட்டுகள் வந்தன. அந்த ஏழையும் வரிசையாக வைத்துக் கேட்டால் ஒரு குடும்பக் கதை கேட்பது போல இருக்கும். முதல் தட்டில் நாலு பேரும் ஒன்றாக நின்று கூச்சல் போடுகிறார்கள். கடைசித் தட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்து பேசுகிறார்கள்.

நடுவில் நடந்தது என்ன?

துறைமுகத்து வாலிபர்கள்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நாலு பேரும் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

அவர்கள் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ஜார்ஜின் தகப்பனார் பஸ் டிரைவர். பாலின் தகப்பனார் பஞ்சு வியாபாரத்தில் வேலை பார்த்தவர். பாலுக்கு 14 வயது நடக்கும்போது அவருடைய தாயார் நோயில் இறந்தார். ஜானுக்கு 17 வயதில் அவருடைய தாயார் கார் மோதி இறந்தார். ரிங்கோ சிறு வயதில் வியாதிக்காரப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களைவிட ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அதிகமோ என்று சொல்லும்படி இருந்தது அவர் பிள்ளைப் பருவம்.

இந்த நாலு பேரும் கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு "ராக்" பாட்டுப் பாடினார்கள். 1962-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர்களுடைய முதல் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே இங்கிலாந்து முழுவதும் அவர்கள் பெயராகவே இருந்தது.

தபால் மலை

புகழ் வந்தது. அதன் பின்னாலேயே கடிதங்களும் வந்தன. பத்து, நூறு அல்ல. மூட்டை மூட்டையாக வந்தன!

லிவர்பூலில் ரசிகர் சங்கத்தைக் கவனித்தவர் பிரீடா கெல்லி என்ற பெண். பீட்டில்ஸின் மானேஜரான பிரையன் எப்ஸ்டீனிடம் காரியதரிசியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17.

பிரீடா விவரம் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டார். "கடிதம் எழுதுங்கள்" என்று சொல்லித் தம் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டார். முதலில் சில கடிதங்கள் வந்தன. பிறகு கட்டுக்கட்டாக வந்தன. வீட்டுக்கு வர வேண்டிய பில்கூட அந்தக் குவியலில் அகப்படவில்லை! தகப்பனார் கோபித்துக்கொண்டார்.

ரசிகைகள் கேட்ட பொருள்களும் விசித்திரமானவை. ஒருத்தி தலையணை உறை ஒன்றை அனுப்பினாள். "ரிங்கோ இதில் தலைவைத்துத் தூங்க வேண்டும். பிறகு எனக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டாள். வேறொருவராக இருந்தால் அதைக் குப்பையில் போட்டிருப்பார். பிரீடா அதை எடுத்துக்கொண்டு ரிங்கோவின் தாயாரிடமே போனார். காரியத்தை முடித்துக்கொண்டுதான் திரும்பினார்!

இன்னொரு சம்பவம். "பீட்டில்ஸின் தலைமுடி வேண்டும்" என்று ரசிகைகள் எழுதுவார்கள். பிரீடாவுக்கு உதவியாக இருந்த பெண்கள் வேறு யாருடைய முடியையோ வெட்டி உறையில் போட்டு அனுப்பப் பார்த்தார்கள். பிரீடா கண்டுபிடித்துவிட்டார். அவர்களை உடனே வேலையிலிருந்து நிறுத்தினார். ரசிகையை ஏமாற்றக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஜார்ஜின் தாயார் லூயிஸும் சும்மா இருக்கவில்லை. மகனுக்கு வந்த கடிதங்களுக்குத் தம் கையாலேயே பதில் எழுதினார்.

இத்தனை பேர் எழுதியும் தபால் மலை குறையவில்லை. சந்தா கட்டியும் மாதக் கணக்கில் பதில் வராத ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். "எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு எங்களை மறந்துவிட்டார்கள்" என்று பெற்றோர்கள் பத்திரிகைக்கு எழுதிவிட்டால் என்ன ஆவது? வளர்ந்து வரும் கோஷ்டிக்குக் கெட்ட பெயர் அல்லவா?

யோசனை பிறந்தது

பீட்டில்ஸின் பத்திரிகைத் தொடர்பைக் கவனித்தவர் டோனி பாரோ. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஆயிரக்கணக்கான கடிதங்களுக்குத் தனித் தனியாகப் பதில் எழுத முடியாது. ஆனால் நாலு பேரின் குரலையும் ஒரே தட்டில் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பலாமே!" - இதுதான் யோசனை.

சாதாரண இசைத்தட்டைத் தபாலில் அனுப்பினால் செலவு அதிகம். வழியில் உடைந்து போகவும் கூடும். அதற்கும் வழி இருந்தது. லிண்டோன் என்ற கம்பெனி காகிதம் போல வளையும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகளைச் செய்து வந்தது. 7 அங்குல அகலம். உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிடலாம்.

இசைத்தட்டு எப்படிப் பாடுகிறது என்பது தெரிந்ததுதான். தட்டின் மேல் நூல் போன்ற ஒரு பள்ளம் சுற்றிச் சுற்றி ஓடும். பாட்டின் ஓசைக்கு ஏற்ப அந்தப் பள்ளம் நெளிந்திருக்கும். தட்டு சுழலும்போது ஊசி அந்த நெளிவில் ஆடும். அந்த ஆட்டத்தை மின்சாரம் பெரிதாக்கிக் குரலாகக் கொடுக்கும்.

மெல்லிய தட்டிலும் இதே வேலைதான். ஆனால் அது எடை இல்லாதது. ஊசியின் பாரத்தில் வழுக்கும். அதனால் தட்டின் நடுவில் ஒரு காசை வைத்துச் சுழல விடுவார்கள். தொடர்ந்து கேட்டால் பள்ளம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆசையாகக் கேட்கக் கேட்கக் குரல் மங்கிவிடும்!

முதல் தட்டு

1963-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி. பீட்டில்ஸ் லண்டனில் உள்ள ஈ.எம்.ஐ. கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார்கள். அவர்களை அமெரிக்காவில் பிரபலமாக்கப் போகிற "ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்" என்ற பாட்டைப் பதிவு செய்தது அன்றுதான். ரசிகர்களுக்கான முதல் தட்டைப் பேசிப் பதிவு செய்ததும் அதே நாளில்தான்.

ஜானுக்கும் ரிங்கோவுக்கும் வயது 23. பாலுக்கு 21. ஜார்ஜுக்கு 20.

பாரோ எழுதிக் கொடுத்ததை அவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை. நடுவில் கேலி செய்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை வேண்டுமென்றே சுருதி பிசகிப் பாடினார்கள். பாரோ பிறகு டேப்பைக் கத்தரியால் வெட்டி ஒட்டி ஐந்து நிமிடமாகச் சுருக்கினார்.

அந்தத் தட்டில் பால் ஒரு வேண்டுகோளும் விடுத்தார். அது மிட்டாய் விஷயம்!

தமக்கு ஒருவகை மிட்டாய் பிடிக்கும் என்று அவர்கள் எப்போதோ பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். "ஜெல்லி பேபி" என்பது அதன் பெயர். பொம்மைக் குழந்தை போன்ற வடிவத்தில் மெத்தென்று இருக்கும். அவ்வளவுதான், ரசிகைகள் பெட்டி பெட்டியாக அனுப்பத் தொடங்கினார்கள். கச்சேரியில் மேடையை நோக்கியும் எறிந்தார்கள். கண்ணிலே பட்டால் என்ன ஆவது? "அந்த மிட்டாய் எங்களுக்கு அலுத்துவிட்டது" என்று பால் தட்டிலே சொன்னார். ஜான் சும்மா இருப்பாரா? வேறு சில மிட்டாய்களின் பெயரைச் சொல்லி, அவை இன்னும் பிடிக்கும் என்றார்!

இந்த வேண்டுகோள் அமெரிக்கா வரை போகவில்லை. 1964-ம் ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டனில் அவர்கள் பாடியபோது மேடையில் மிட்டாய் மழை பொழிந்தது. அமெரிக்க மிட்டாய் கெட்டியான ஓடு உள்ளது. கல்லடி போலப் பட்டது!

முதல் தட்டில் ஜார்ஜ் ரசிகர் சங்கத்துக் காரியதரிசிகளுக்கு நன்றி சொன்னார். ஆனி காலிங்ஹாம் என்ற பெயரைச் சொன்னார். பிரீடா கெல்லியின் பெயரையும் சொன்னார். பிரீடாவின் பெயரைக் கேட்டதும் மற்ற மூவரும் உற்சாகமாக "நம் பிரீடா!" என்ற பொருள்படக் கூவினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஆனி காலிங்ஹாம் என்று ஒரு பெண்ணே கிடையாது! கடிதங்களில் கையெழுத்துப் போடுவதற்காக பாரோ உண்டாக்கிய பெயர் அது. பிரீடா நிஜம்.

கூச்சலுக்கு நடுவே

1964-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் பாடினார்கள். 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் அதிகமாக விற்ற பாட்டுகளின் வரிசையில் முதல் ஐந்து இடமும் அவர்களுக்கே!

அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் இரண்டாவது தட்டைப் பதிவு செய்தார்கள். "நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் எங்கே இருந்திருப்போமோ" என்று பால் ரசிகர்களிடம் உருகினார். "ஒருவேளை ராணுவத்தில்" என்று ஜான் குறுக்கே வெட்டினார். அது வெறும் கேலி அல்ல. வாலிபர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கும் முறை இங்கிலாந்தில் 1960-ம் ஆண்டில்தான் நின்றது. பாட்டு வராவிட்டால் என்ன வேலை என்பது அவர்கள் வயது வாலிபர்கள் எல்லாருக்கும் இருந்த கேள்விதான்.

1965-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நியூயார்க்கில் ஷியா மைதானத்தில் கச்சேரி. சுமார் 55,600 பேர் கூடினார்கள். பெண்கள் போட்ட கூச்சலில் மேடையில் பாடுகிறவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. தப்பாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது!

அந்த ஆண்டு நவம்பர் மாதத்து இரவில் பதிவான மூன்றாவது தட்டில், தங்கள் புகழ்பெற்ற பாட்டாகிய "யெஸ்டர்டே"யைத் தாங்களே கோணலாகப் பாடிக் கேலி செய்தார்கள். சிரிப்பு இருந்தது. களைப்பும் இருந்தது.

ஓசையில் சோதனை

1966-ம் ஆண்டு கோஷ்டியின் பாதையே மாறியது.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் "டுமாரோ நெவர் நோஸ்" என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அதற்காக பால் வீட்டிலே டேப் ரிகார்டரை வைத்துக்கொண்டு விநோத ஓசைகளைப் பிடித்தார். டேப் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார். வளையம் சுற்றச் சுற்ற ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும். பறவைக் கூட்டம் கத்துவது போன்ற ஓசைகூட அதில் உண்டு.

இப்படிப்பட்ட வளையங்களைப் பல இயந்திரங்களில் ஒரே சமயத்தில் ஓடவிட்டார்கள். டேப் தொய்ந்துவிடாமல் இருக்க, கம்பெனி ஊழியர்கள் பென்சிலை வளையத்துக்குள் கொடுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்! விஞ்ஞானச் சோதனைக்கூடம் போல ஆகிவிட்டது பாட்டுக் கூடம்.

இந்த மாதிரிப் பாட்டை மேடையில் எப்படிப் பாட முடியும்? முடியாது.

ஜூலை மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டில், நாட்டுத் தலைவரின் மனைவி கொடுத்த விருந்துக்குப் போகவில்லை என்று பெரும் தகராறு. விமான நிலையத்தில் அவர்களைப் பிடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து தப்பி டில்லிக்கு வந்தார்கள். அங்கே கன்னாட் பிளேசில் ஜார்ஜ் சிதார் வாங்கினார்.

ஆகஸ்டு 29-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் கச்சேரி. அதோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ரசிகர்களுக்கு அது பேரிடி. இனி நேரில் பார்க்க முடியாது. கோஷ்டி கலைந்துவிடுமோ என்ற பேச்சும் எழுந்தது. அந்தச் சமயத்தில்தான் டிசம்பர் மாதத்துத் தட்டுக்கு மதிப்பு கூடியது. மேடையில் இல்லாத குரல், தபாலில் வீட்டுக்கு வர வேண்டும் அல்லவா?

நவம்பர் 24-ந் தேதி "ஸ்ட்ராபெரி பீல்ட்ஸ் பார் எவர்" என்ற பாட்டின் பதிவு தொடங்கியது. வேகத்திலும் சுருதியிலும் வேறுபட்ட இரண்டு பதிவுகளைப் பின்னால் ஒட்டு தெரியாமல் சேர்த்து முடித்த பாட்டு அது. அப்படிப்பட்ட வேலை தொடங்கிய மறுநாளே, நவம்பர் 25-ந் தேதி, நாலு பேரும் ரசிகர் தட்டுக்காக வேறு ஒரு சிறிய கூடத்தில் கூடினார்கள்.

இந்த முறை வெறும் வாழ்த்து இல்லை. குட்டி நாடகமே போட்டார்கள்! குரலை மாற்றி மாற்றிப் பேசினார்கள். ஆல்ப்ஸ் மலையில் இரண்டு கிழவர்கள் பாலாடைக்கட்டி தின்கிறார்கள். கரடி ஒன்று கணப்பின் அருகே உட்கார்ந்து மெழுகுவத்தி, தீப்பெட்டி பற்றிக் கவலைப்படுகிறது. பால் பியானோ வாசித்து விளையாட்டுப் பாட்டு ஒன்று பாடினார். உறையில் இருந்த சித்திரத்தையும் அவரே வரைந்தார்.

கடைசியாக ஒரே அறையில்

1967-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி மானேஜர் எப்ஸ்டீன் திடீரென்று இறந்தார். அவருக்கு வயது 32. கணக்கு வழக்கு, ஒப்பந்தம், தகராறு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். வீட்டுப் பெரியவர் போய்விட்டால் குடும்பம் என்ன ஆகும்? அந்த நிலைதான் பீட்டில்ஸுக்கும் வந்தது.

நவம்பர் 28-ந் தேதி ஐந்தாவது தட்டைப் பதிவு செய்தார்கள். முதல் தடவையாக, ரசிகர்களுக்கென்றே ஒரு புதுப் பாட்டைப் போட்டார்கள். கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிப் பாடும் பாட்டு அது. எழுதியவர்கள் என்று நாலு பேர் பெயரும் போட்டார்கள். பீட்டில்ஸ் பாட்டுகளில் அது அபூர்வம்.

பாட்டுக்கு நடுவில் வானொலி நிலையத்துக்குச் சான்ஸ் கேட்டு வரும் பல கோஷ்டிகளைப் போல நடித்தார்கள். உறையின் முன்பக்கத்தை ஜானும் ரிங்கோவும் செய்தார்கள். பின்பக்கத்துச் சித்திரம் ஜானின் மகன் ஜூலியன் வரைந்தது. அவனுக்கு வயது நாலு!

தட்டைக் கேட்டவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் நாலு பேரும் ஒரே அறையில் கூடிப் பதிவு செய்த கடைசி ரசிகர் தட்டு அதுதான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தனித்தனிக் குரல்கள்

1968-ம் ஆண்டு பிப்ரவரியில் நாலு பேரும் நம் நாட்டுக்கு வந்தார்கள். கங்கைக் கரையில் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தியானம் பழகினார்கள். ரிங்கோ பத்து நாளில் ஊர் திரும்பினார். பால் அடுத்த மாதம் போனார். ஜானும் ஜார்ஜும் ஏப்ரல் வரை இருந்தார்கள். ஒரே இடத்தில் தங்கியவர்கள், ஒரே சமயத்தில் ஊர் திரும்பவில்லை.

லண்டனில் சச்சரவு வளர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் ரிங்கோ மனம் நொந்து வெளியேறி, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். ஜானின் பக்கத்தில் ஜப்பானியப் பெண் யோகோ ஓனோ எப்போதும் இருந்தார். மற்ற மூவருக்கும் அது பிடிக்கவில்லை.

டிசம்பர் நெருங்கியது. ரசிகர் தட்டுக்கு என்ன செய்வது?

ஆளுக்கு ஒரு இடத்தில் பேசிப் பதிவு செய்தார்கள். கென்னி எவரெட் என்ற வானொலி அறிவிப்பாளர் துண்டு துண்டாக வந்த குரல்களை வெட்டி ஒட்டி ஒரு தட்டாக்கினார். பால் கிட்டாருடன் வாழ்த்துப் பாடினார். ஜார்ஜ், கீச்சுக் குரல் பாடகரான டைனி டிம் என்ற அமெரிக்கரைப் பாட வைத்தார். ஜான் கதை போல ஒன்றைப் படித்தார். அதில் இரண்டு காதலர்கள். பெயர்களை மாற்றியிருந்தாலும் தம்மையும் யோகோவையும் பற்றியது என்பது தெளிவாகத் தெரிந்தது. நண்பர்களைப் பற்றி அதில் ஒரு குத்தல் இருந்தது. கூர்ந்து கேட்ட ரசிகருக்கு அது புரிந்திருக்கும்.

தட்டில் நாலு பேரும் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் பதில் சொல்லவே இல்லை. சொல்ல முடியாது. அவர்கள் ஒரே இடத்தில் இல்லை!

ஏழாவது தட்டு

1969-ம் ஆண்டு ஜனவரியில் ஜார்ஜ் கோபித்துக்கொண்டு வெளியேறினார். பிறகு திரும்பினார். ஆகஸ்டு 20-ந் தேதி நாலு பேரும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றாக இருந்தார்கள். அதற்குப் பின் அவர்கள் நாலு பேரும் அங்கே ஒன்றுகூடவே இல்லை. செப்டம்பர் மாதம், "நான் விலகுகிறேன்" என்று ஜான் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். செய்தி வெளியே போகாமல் மூடி வைத்தார்கள்.

ஆனாலும் டிசம்பர் வந்தது. ஏழாவது தட்டும் வந்தது.

ஜானும் யோகோவும் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் நடந்துகொண்டே பேசினார்கள். தட்டில் அவர்கள் பேச்சே அதிகம். ரிங்கோ தாம் நடித்த சினிமாவுக்கு விளம்பரம் செய்தார். பால் ஒரு சிறு வாழ்த்துப் பாட்டுப் பாடினார். ஜார்ஜ் சில விநாடிகள் மட்டும் பேசி முடித்துக்கொண்டார்.

உறையின் பின்பக்கத்தில் மீண்டும் ஒரு குழந்தைச் சித்திரம். இந்த முறை வரைந்தவன் ரிங்கோவின் மகன் ஜாக். அவனுக்கும் வயது நாலுதான்!

பெரியவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்படியும் தட்டு நிற்கவில்லை. கொடுத்த வாக்கை உடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை போலும்.

தட்டும் வழக்கும்

1970-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, பால் விலகிய செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. உலகெங்கும் ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அந்த ஆண்டு புதுத் தட்டுக்கு வழி இல்லை. கோஷ்டியே இல்லையே! ஆனாலும் சங்கம் வெறும் கையை நீட்டவில்லை. ஏழு தட்டுகளையும் சேர்த்து ஒரே பெரிய இசைத்தட்டாக்கி, டிசம்பர் 18-ந் தேதி உறுப்பினர்களுக்கு அனுப்பியது.

அடுத்த பதின்மூன்றாம் நாள், டிசம்பர் 31-ந் தேதி, பால் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மற்ற மூவருடன் தமக்கு உள்ள கூட்டை முறிக்க வேண்டும் என்று கேட்டார். ரசிகர் வீட்டில் நாலு பேரும் கூடிச் சிரிக்கும் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. நீதிமன்றத்தில் அதே நாலு பேரின் பெயர்கள் வழக்குக் கட்டில் எதிரும் புதிருமாக ஏறின!

வழக்கு வளர்ந்தது. கூட்டு சட்டப்படி முறிந்தது 1975-ம் ஆண்டில்தான்.

ரசிகர் சங்கம் 1972-ம் ஆண்டு மார்ச் மாதத்தோடு மூடப்பட்டது.

பிறகு?

ஜான் 1980-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜ் 2001-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி புற்றுநோயால் இறந்தார்.

1967-ம் ஆண்டு ரசிகர்களுக்கென்றே பாடிய அந்தப் பாட்டு, 28 ஆண்டு கழித்து 1995-ல் தான் முதல் தடவையாகக் கடைக்கு வந்தது. அதுவும் இன்னொரு பாட்டின் மறுபக்கத்தில், சுருக்கிய வடிவத்தில். ஏழு தட்டுகளும் 2017-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு பெட்டியில் வந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அளவாகவே அச்சிட்டார்கள். முன்பு சந்தாதாரருக்கு இனாமாக வந்தது, இப்போது விலை கொடுத்து வாங்கும் பொருளாயிற்று.

மெல்லிய பழைய தட்டுகள் பல வீடுகளில் தேய்ந்து போயின. அதில் வியப்பு இல்லை. பத்திரமாகப் பூட்டி வைப்பதற்காகவா அவை வந்தன? காசை நடுவில் வைத்து, அண்ணன் தங்கை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கேட்பதற்குத்தானே வந்தன!

சரி, பிரீடா கெல்லி என்ன ஆனார்?

தபால் மலையோடு பத்து ஆண்டு மல்லுக்கட்டிய அந்தப் பெண், கோடீஸ்வரி ஆகவில்லை. தம்மிடம் இருந்த பீட்டில்ஸ் பொருள்களில் பெரும்பகுதியை ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டார். குடும்பத்தைக் கவனித்தார். மறுபடியும் ஓர் அலுவலகத்தில் காரியதரிசி வேலைக்குப் போனார். நாலு பேரின் வீட்டு ரகசியங்களும் தெரிந்தவர் அவர். ஆனாலும் புத்தகம் எழுதிக் காசாக்கவில்லை. நாற்பது ஆண்டு வாய் திறக்கவில்லை.

பாட்டியின் இளமைக் கதை பேரனுக்குத் தெரியட்டும் என்றுதான், வயதான பிறகு காமிராவின் முன் உட்கார்ந்து பேசச் சம்மதித்தார். 2013-ம் ஆண்டில் அது படமாக வெளிவந்தது.

படத்துக்குப் பெயர் "குட் ஓல் பிரீடா". முதல் தட்டில், வயது இருபதும் இருபத்து மூன்றுமாக இருந்த அந்த வாலிபர்கள், ஒன்றாகச் சேர்ந்து கூவினார்களே - அதே வார்த்தைகள்தான்!